சுமைதாங்கிக் கல்லும் பேருந்துப் படியும்

வரலாறு என்றாலே நம் பக்கத்தில் பூலித்தேவன், கட்டபொம்மன், வ.உ.சி. என்று ஆரம்பித்துவிடுவோம். திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு அதில் தனிப் பெருமையும் உண்டு. ஆனால் இந்தக் கட்டுரையில் ராஜா, போர், துப்பாக்கி எதுவும் வராது. இது படிக்கட்டின் வரலாறு. "படிக்கட்டுக்கு என்னப்பா வரலாறு?" என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஆய்க்குடியில் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சக்கர நாற்காலி இல்லாமல் அவரால் நகர முடியாது. அவர் தென்காசி வழியாகத் திருநெல்வேலிக்கு வந்து, நெல்லையப்பரைத் தரிசித்து, தாமிரபரணியில் கை கால் நனைத்து, இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போக வேண்டும். தூரம் ஒன்றும் பெரிதல்ல. ஆய்க்குடியிலிருந்து நெல்லை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அங்கிருந்து ரயில் கொண்டுபோய் விட்டுவிடும். கேள்வி இதுதான்: யாரும் தூக்கிவிடாமல், யாரிடமும் "அண்ணே, கொஞ்சம் பிடிங்க" என்று சொல்லாமல், அவரால் இந்தப் பயணத்தை முடிக்க முடியுமா?

சட்டப்படி முடிய வேண்டும். இந்தியாவில் அதற்கான முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1996-ல். ஏன் இன்னும் முடியவில்லை என்பதற்கு விடை தேடிப் போனால், பல நூற்றாண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

வழிப்போக்கனுக்காக ஒரு கல்

கிராமத்துப் பக்கம் போனவர்கள் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகப் படுக்க வைத்திருப்பார்கள். பேருந்தும் லாரியும் இல்லாத காலத்தில் நெல், உப்பு, கருப்பட்டி எல்லாம் தலைச்சுமையாகத்தான் சந்தைக்குப் போயின. தலையில் பெரிய சுமையோடு நடப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. சுமையைத் தனியாக இறக்கவும் முடியாது, தனியாகத் தூக்கி வைக்கவும் முடியாது. இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத வழியில் கை கொடுக்க யார் இருப்பார்கள்?

அதற்காகத்தான் அந்தக் கல். நின்றபடியே தலையில் இருக்கும் சுமையை அதன் மேல் தள்ளலாம். இளைப்பாறிய பிறகு, குனியாமல் நிமிராமல் மறுபடி தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கர்ப்பமாக இருக்கும்போது இறந்துபோன பெண்களின் நினைவாக இந்தக் கற்களை நட்டுவைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக இருந்தது. இறக்கி வைக்காத சுமையோடு போனவளின் பெயரால், மற்றவர்கள் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது அந்தக் கல்லின் உயரத்தை. முழங்கால் உயரத்தில் நட்டிருந்தால் அது உட்காரும் திண்டு. ஆள் உயரத்துக்கு மேலே நட்டிருந்தால் வெறும் தோரணம். நிற்கும் மனிதனின் தோளையும் தலையையும் மனதில் வைத்து உயரம் தீர்மானித்ததால்தான் அது பயன்பட்டது. அடுத்தவர் உதவி இல்லாமல் ஒருவர் பயணம் போக, அவருடைய உடம்புக்கு ஏற்ற அளவில் வழியை அமைப்பது என்ற யோசனை நமக்குப் புதிதே அல்ல. ராணி மங்கம்மாள் சாலை ஓரத்தில் மரமும் சத்திரமும் அமைத்ததும் இதே யோசனைதான். வெயிலைத் தாங்கும்படி மனிதனை மாற்ற முடியாது. சாலையில் நிழலைக் கொண்டுவரலாம்.

ஆற்றைக் கடந்த கதை

அடுத்தது நம் ஊர்ப் பாலம். 19-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியைக் கடக்கப் படகுதான். வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. அந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு ஆற்றங்கரையில் நின்ற எல்லோருமே ஒரு வகையில் ஊனமுற்றவர்கள்தான்! நல்ல கால் இருந்தும் அக்கரைக்குப் போக முடியாது. குறை காலிலா இருந்தது? வழியில் இருந்தது.

கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டார். லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்து, 11 வளைவுகளோடு கட்டிய பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. 1869 வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்தபோது "போகட்டும்" என்று விட்டுவிடவில்லை. சரிசெய்தார்கள். இன்றைக்கும் அந்தப் பாலம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

1876-ல் திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. நூறு வருடம் கழித்து, ஜங்ஷனில் ரயில் பாதை மறித்தபோது 1973-ல் ஈரடுக்கு மேம்பாலம் வந்தது. ஆக, தடை எல்லோருக்கும் பொதுவாக இருந்தபோதெல்லாம் நம் ஊர் அதைத் தடையாகவே பார்த்தது. கல்லையோ பாலத்தையோ வைத்துத் தீர்த்தது. தடை சிலருக்கு மட்டும் என்றால் என்ன ஆகும்? இனிமேல் வருவது அந்தக் கதை.

பள்ளிக்கூடம் வந்தது, பாதை வரவில்லை

மாற்றுத்திறனாளிகள் வரலாற்றில் திருநெல்வேலிக்குப் பெரிய இடம் உண்டு. நம்மில் பலருக்கு அது தெரியாது. இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளி 1887-ல் அமிர்தசரசில் தொடங்கியது. மூன்றே வருடத்தில், 1890-ல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் என்ற ஆங்கில மிஷனரி பார்வையற்றோர் பள்ளியை ஆரம்பித்தார். லூயி பிரெயிலின் ஆறு புள்ளி எழுத்தைத் தமிழுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தவரும் அவர்தான். அடுத்து 1897-ல் புளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காது கேளாதோருக்கான பள்ளியை நடத்தத் தொடங்கினார். அதுவும் பாளையங்கோட்டையில்தான். தென்னிந்தியாவில் இந்த வகைப் பள்ளிகளில் இவை முன்னோடிகள்.

பிரெயில் என்பதும் ஒரு சுமைதாங்கிக் கல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு முன்பு பார்வையற்றவர் ஒரு புத்தகத்தைப் படிக்க வேண்டுமென்றால் இன்னொருவர் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். விரலுக்கு ஏற்ற அளவில் புள்ளி வைத்ததும் அந்த இன்னொருவர் தேவையில்லாமல் போனார்.

பள்ளிச் சுவருக்குள்ளே இது நடந்தது. வெளியே? அந்தப் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்குப் போக வேண்டுமென்றால் யாராவது வந்து கூட்டிப்போக வேண்டும். ரயில் நிலையப் பலகையில் புள்ளி எழுத்து கிடையாது. நடைமேடை எங்கே முடிகிறது என்று காலுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் 1965-ல் கண்டுபிடித்த, மேடு மேடாகப் புள்ளியும் கோடும் வைத்த ஓடுகள் 1967-ல் ஒகயாமா நகரத்து நடைபாதையில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நம் ரயில் நிலையங்களில் நடைமேடை ஓரம் மஞ்சளாகத் தெரிகிறதே, அந்த ஓடுதான். பலர் அதை அழகுக்குப் போட்டது என்று நினைத்துப் பெட்டியை அதன் மேல் வைக்கிறார்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். அது ஒருவருடைய பாதை.

ஆய்க்குடியில் ஒரு சின்ன உலகம்

1975 ஜனவரி 10. பெங்களூரில் கடற்படை அதிகாரி வேலைக்கான உடல்திறன் தேர்வு. ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் அதில் கலந்துகொண்டபோது கீழே விழுந்து கழுத்தெலும்பில் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே செயல் இழந்துபோனது. நம் வயதில், நம்மைப் போல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்.

அவர் 1981-ல் ஆய்க்குடியிலேயே ஐந்து குழந்தைகளோடு ஒரு பள்ளியை ஆரம்பித்தார். ராணுவ மருத்துவமனையில் தனக்குச் சிகிச்சை தந்து தைரியமும் தந்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் அதற்கு அமர் சேவா சங்கம் என்று பெயர் வைத்தார். 1981 ஐ.நா. சபை அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு என்பது குறிப்பிடத்தக்கது. 1992-ல் எஸ். சங்கரராமன் வந்து சேர்ந்தார். பட்டயக் கணக்காளர். தசைச் சிதைவு நோயால் அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர். ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஆய்க்குடி அனுமன் நதிக் கரையில் இருக்கிறது. அனுமன் நதி சிற்றாற்றில் சேர, சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனாலும், தண்ணீர்க் கணக்கில் அது நம் ஆற்றங்கரைதான்.

நாற்காலியில் இருப்பவர்களே முன்னின்று உருவாக்கிய அந்த வளாகத்தில் சாய்தளம் யாருக்கோ காட்டும் தயவு அல்ல. அது சாதாரண வழி. அங்கே ஒருவர் வகுப்புக்கும் சாப்பாட்டுக்கும் போவதில் அதிசயம் எதுவும் இல்லை. அதிசயம் வாசலுக்கு வெளியேதான் ஆரம்பிக்கிறது. அதே மனிதர், அதே நாற்காலி, அதே உடம்பு. உள்ளே வேலை செய்பவர், வெளியே பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் "பாவம்" ஆகிவிடுகிறார். நடுவில் என்ன மாறியது? தரை மாறியது. வேறொன்றும் இல்லை.

முதல் சட்டமும் ஒரு சின்னச் சொற்றொடரும்

1992 டிசம்பரில் பெய்ஜிங்கில் நடந்த கூட்டத்தில் ஆசிய பசிபிக் நாடுகள் 1993 முதல் 2002 வரை ஊனமுற்றோருக்கான பத்தாண்டு என்று அறிவித்தன. அதில் இந்தியாவும் கையெழுத்திட்டது. அதன் பலனாக வந்ததுதான் ஊனமுற்றோர் (சம வாய்ப்புகள், உரிமைகள் பாதுகாப்பு, முழுப் பங்கேற்பு) சட்டம், 1995. நடைமுறைக்கு வந்தது 1996 பிப்ரவரி 7.

அதில் 44, 45, 46 ஆகிய மூன்று பிரிவுகள் பயணிகளுக்கு முக்கியமானவை. ரயில் பெட்டி, பேருந்து, கப்பல், விமானம் எல்லாவற்றையும் எளிதாக ஏறும்படி மாற்ற வேண்டும். கழிப்பறையில் சக்கர நாற்காலி நுழைய வேண்டும். சாலைச் சந்திப்பில் ஒலி எழுப்பும் சிக்னல் வேண்டும். நடைமேடை ஓரத்தில் பார்வையற்றோருக்கு அடையாளம் வேண்டும். பொதுக் கட்டடத்தில் சாய்தளம் வேண்டும். படிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் மூன்று பிரிவிலும் ஒரே சொற்றொடர் நுழைந்திருந்தது. அரசும் நிறுவனங்களும் இதையெல்லாம் "தங்கள் பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு" செய்ய வேண்டும் என்று. அதாவது காசு இருந்தால் செய்யலாம். காசு இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வது யார்? செய்ய வேண்டியவரேதான்! சுலோசன முதலியார் இப்படி ஒரு வாக்கியத்தைப் படித்திருந்தால் நாம் இன்னும் படகில்தான் போய்க்கொண்டிருப்போம்.

அமெரிக்காவில் இந்தக் கதை கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. 1978 ஜூலையில் டென்வர் நகரத்தில் 19 மாற்றுத்திறனாளிகள் நடுத்தெருவில் பேருந்துகளை மறித்து, இரவு முழுக்க நகராமல் கிடந்தார்கள். அவர்கள் இலவச டிக்கெட் கேட்கவில்லை. பேருந்தில் நாற்காலியை ஏற்றும் கருவியைக் கேட்டார்கள். 1990 மார்ச் 12 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் பலர் நாற்காலியையும் ஊன்றுகோலையும் கீழே வைத்துவிட்டு, படிகளில் தவழ்ந்து ஏறிக் காட்டினார்கள். அந்த வருடம் ஜூலையில் அமெரிக்க ஊனமுற்றோர் சட்டம் வந்தது. படிக்கட்டுதான் பிரச்சினை என்பதைப் படிக்கட்டிலேயே வைத்துச் சொன்னார்கள்.

கட்டணம் குறைந்தது, படி குறையவில்லை

நம் நாட்டில் அரசு தாராளமாகச் செய்தது ஒன்று உண்டு. கட்டணச் சலுகை. ரயிலில் பார்வையற்றவருக்கும், துணை இல்லாமல் பயணம் செய்ய முடியாத உடல் ஊனமுற்றவருக்கும் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர் ஆகியவற்றில் 75 சதவீதம் சலுகை. கூடவரும் துணைக்கும் அதே சலுகை. 2020 மார்ச்சில் கொரோனாவை ஒட்டி மூத்த குடிமக்கள் உட்படப் பலருக்குச் சலுகையை நிறுத்தியபோதுகூட இதை நிறுத்தவில்லை. தமிழ்நாட்டில் 2021-ல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததும், அது மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒரு துணையாளருக்கும் நீட்டிக்கப்பட்டது.

இவை நல்ல விஷயங்கள். வேலை கிடைப்பதே கஷ்டமாக இருக்கும் ஒருவருக்கு 75 சதவீதம் என்பது சின்னத் தொகை அல்ல. குறை சொல்லவில்லை. ஆனால் இந்தச் சலுகைக்குள் ஒளிந்திருக்கும் நினைப்பைக் கவனியுங்கள். துணைக்கும் சலுகை தருகிறோம் என்றால், துணை இல்லாமல் நீ வர முடியாது என்பதை ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று அர்த்தம். டிக்கெட் இலவசம். ஆனால் அந்தப் பேருந்தின் படி?

கொஞ்சம் அளவுக் கணக்கு பார்ப்போம். வழக்கமான நகரப் பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 900 மில்லிமீட்டர், அதாவது 3 அடி உயரம். அதில் பாதித் தாழ்தளம் என்ற வகை 650. முழுத் தாழ்தளப் பேருந்து 400. சாய்தளத்துக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட அளவு 1-க்கு 12. ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். அப்படியானால் 3 அடி உயரப் பேருந்துக்கு 36 அடி நீளத்தில் பலகை போட வேண்டும். அது பேருந்தின் நீளம்! எனவே உயரமான பேருந்தை வாங்கிவிட்டு, பின்னால் பலகை போட்டுச் சமாளிக்கலாம் என்பது நடக்காத காரியம். வாங்கும்போதே அளவைத் தீர்மானிக்க வேண்டும். சுமைதாங்கிக் கல் நட்டவருக்குத் தெரிந்த அதே விஷயம்.

எங்கள் வகுப்பில் ஊன்றுகோலோடு நடக்கும் நண்பன் ஒருவன் உண்டு. குற்றாலத்துக்குச் சுற்றுலா போனபோது நாங்கள் நான்கு பேர் அவனைச் சந்தோஷமாகத் தூக்கிப் பேருந்தில் ஏற்றினோம், இறக்கினோம். மதியச் சாப்பாட்டில் அவன் தண்ணீர் டம்ளரைத் தொடவில்லை. காலையிலிருந்தே குடிக்கவில்லையாம். "வழியில நான் போற மாதிரி பாத்ரூம் இருக்காதுல, அதான்" என்றான், சாதாரணமாக. நாங்கள் காட்டிய அன்பு பேருந்துப் படி வரைக்கும்தான் போய்ச் சேர்ந்தது. ஒரு கதவின் அகலத்தை அன்பால் கூட்ட முடியாது.

நெல்லைக்காரர்கள் இரக்கம் இல்லாதவர்கள் அல்ல. நாற்காலியில் ஒருவர் பேருந்து அருகே வந்தால் நாலு பேர் ஓடிவந்து தூக்குவார்கள். ஆனால் தூக்கப்படுபவர் எப்போது போக வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதை அந்த நாலு பேரின் வசதிதான் தீர்மானிக்கிறது. தூக்கிவிடுவது உதவி. படியைத் தாழ்த்துவது உரிமை. இரண்டும் ஒன்றல்ல.

நீதிமன்ற வழி

சலுகையிலிருந்து உரிமைக்கு வந்த பாதை பெரும்பாலும் நீதிமன்றம் வழியாகத்தான் வந்தது. ஜாவேத் அபிதி என்ற டெல்லிக்காரர், தானே சக்கர நாற்காலியில் இருந்தவர், சட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் போனார். 1998 டிசம்பரில் வந்த தீர்ப்பு, இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கை கால் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பாதிக் கட்டணம் தரச் சொன்னது. கவனித்தீர்களா? அங்கேயும் முதலில் கட்டணம்தான்.

2001-ல் இயற்பியல் மேதை ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லி வந்தபோது செங்கோட்டை, குதுப்மினார் போன்ற சின்னங்களைப் பார்க்க விரும்பினார். அவசரமாக மரச் சாய்தளங்கள் போடப்பட்டன. உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானிக்குப் போட முடிந்தது என்றால், போடவே முடியாது என்று அதுவரை சொன்னது பொய் என்றுதானே அர்த்தம்?

2012-ல் கொல்கத்தாவில் மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷ் என்ற செயல்பாட்டாளரை ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் பற்றிய மாநாடு ஒன்றுக்காக அவர் கோவா போய்க்கொண்டிருந்தார். 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2022-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதியைத் திருத்தி, குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரை ஏற்ற மறுக்கக் கூடாது, உடல்நிலை பற்றிச் சந்தேகம் என்றால் விமான நிலைய மருத்துவரைக் கேட்க வேண்டும் என்றது.

இதற்கிடையே 2007-ல் இந்தியா ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. தமிழில் பெயரும் மாறியது. "ஊனமுற்றோர்" என்பதற்குப் பதிலாக "மாற்றுத்திறனாளிகள்" என்று கலைஞர் கருணாநிதி முதல்வராக இருந்தபோது அரசு வழக்கில் வந்தது. 2010-ல் அவர்களுக்கென்று தனித் துறையும் உருவானது. பெயர் மாறியது வேகமாக நடந்தது. பெயர்ப் பலகை இருக்கும் கட்டடத்தின் படி மாறத்தான் நேரம் பிடிக்கிறது.

கடைசியில் 2016-ல் புதுச் சட்டம் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் அமலுக்கு வந்தது. 7 வகையாக இருந்த குறைபாடுகள் 21 ஆயின. பேருந்து நிலையம், ரயில் நிலையம், விமான நிலையத்தில் கழிப்பறை, டிக்கெட் கவுண்டர் உட்பட எல்லாம் தரவிதிப்படி இருக்க வேண்டும் என்றது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை மாற்ற, விதிகள் வெளியானதிலிருந்து 5 வருடக் கெடு வைத்தது. விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு முடிந்தது 2022 ஜூன். உங்கள் ஊர்த் தாலுகா அலுவலகம் மாறியதா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஏன் மாறவில்லை என்பதற்கு 2024 நவம்பர் 8 அன்று விடை கிடைத்தது. ராஜீவ் ரதூரி என்ற பார்வைக் குறைபாடு உள்ளவர் 2005-ல் தொடர்ந்த வழக்கு அது. சட்டம் "கட்டாயம்" என்கிறது, ஆனால் அதன் கீழ் எழுதிய 15-வது விதி வெறும் வழிகாட்டிகளின் பட்டியலாக, ஆலோசனை சொல்வதுபோல் இருக்கிறது, எனவே அது சட்டத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மீற முடியாத குறைந்தபட்ச அளவுகளை 3 மாதத்துக்குள் வகுக்கச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 1995-ல் "பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு" என்ற சொற்றொடர் செய்த வேலையை, 2017-ல் "வழிகாட்டி" என்ற சொல் செய்திருக்கிறது. ஒரு கதவைச் சாத்தினால் இன்னொரு கதவு!

நம் ஊருக்கு எப்போது?

சென்னை உயர் நீதிமன்றத்தில் வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற செயல்பாட்டாளர் தொடர்ந்த பொதுநல வழக்கு, தாழ்தளப் பேருந்து பற்றியது. சாலை சரியில்லை, மழைநீர் தேங்கும் என்றெல்லாம் அரசுத் தரப்பில் காரணங்கள் வந்தன. நீண்ட இழுபறிக்குப் பின் 2024 ஆகஸ்ட் 4 அன்று சென்னையில் 58 தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் நின்றதும் ஒரு பக்கம் சற்றுத் தணிந்து, நாற்காலி ஏறப் பலகையும் விரியும் பேருந்துகள். அந்தக் கொள்முதல் திட்டத்தில் சென்னை, கோவை, மதுரை என்று 3 நகரங்கள் இருந்தன. நெல்லை இல்லை. 1890-லேயே பார்வையற்றோர் பள்ளி வந்த ஊர் அந்தப் பட்டியலில் இல்லை என்பது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

பேருந்து மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். நம் பக்கம் வருபவர்களில் பாதிப் பேர் கோயிலுக்கும் குளியலுக்கும் வருபவர்கள். பாபநாசம், குறுக்குத்துறை, நவதிருப்பதி என்று ஆறு நெடுக இறங்கும் இடத்துக்கு நாம் வைத்த பெயரே படித்துறை. பெயரிலேயே படி இருக்கிறது! 2018 அக்டோபரில் தாமிரபரணி புஷ்கரத்துக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்து நீராடினார்கள். நாற்காலியில் வந்தவருக்கு ஆறு கண்ணில் படும், காலில் படாது.

பழைய கல் படியை உடைக்கச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் ஒரு சரிவு அமைக்கலாம். முடியுமா என்று கேட்பவர்களுக்கு மெரினாவைக் காட்டலாம். 2022 நவம்பர் 27 அன்று அங்கே மணலைக் கடந்து அலை அருகே வரை செல்ல மரப் பாதை திறந்தார்கள். பிறந்ததிலிருந்து சென்னையில் இருந்தும் கடலை அருகில் போய்ப் பார்க்காதவர்கள் அன்று பார்த்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு சரிசெய்தார்கள். 1869-ல் நம் பாலம் இடிந்தபோது செய்த மாதிரி. வெள்ளமும் புயலும் வரும் என்பது கட்டாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது.

இவ்வளவும் சிலருக்காகவா என்று ஒருவர் கேட்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். முழங்கால் வலியோடு படி ஏறும் நம் ஆச்சி, கைக்குழந்தையோடு வரும் அக்கா, கால் முறிந்து கட்டுப் போட்டவர், சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துவரும் நீங்கள் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. சாய்தளம் வந்தால் எல்லோரும் அதில்தான் போவோம். சுமைதாங்கிக் கல்லை நட்டவர் இன்னார்தான் சுமையை வைக்கலாம் என்று எழுதி வைக்கவில்லை.

நண்பர்களே, அடுத்த முறை பேருந்து நிலையத்துக்கோ, ரயில் நிலையத்துக்கோ, கோயிலுக்கோ போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். வாசலிலிருந்து உள்ளே போகும்வரை எத்தனை படி என்று எண்ணுங்கள். கழிப்பறைக் கதவில் ஒரு நாற்காலி நுழையுமா என்று பாருங்கள். எண்ணிக்கையை ஒரு மனுவில் எழுதி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கோ, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கோ கொடுங்கள். இரக்கப்பட்டு எழுத வேண்டாம். அளவு போட்டு எழுதுங்கள். எத்தனை படி, எத்தனை அங்குலம், எத்தனை அடி அகலம். பதில் சொல்பவர் இரக்கத்துக்கு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடலாம். அங்குலத்துக்கு அங்குலத்தில்தான் பதில் சொல்ல முடியும்.